எருமையின் குலமுறை

மாணாக்கரைக் கடியும்போது ஆசிரியர் வாயில் எளிதாக வந்துவிடும் சொற்களுள் எருமை என்பதும் ஒன்று. யானும் இவ்வழக்கத்துக்கு விலக்கானவன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், புணரியற் பாடத்திற் கேட்ட வினாவுக்கு விடை கூறாது சாளரத்தின் வழியே வெளியே நோக்கிக்கொண்டிருந்த மாணவன் ஒருவனை அச்சொல்லால் ஏசினேன். வகுப்பு முழுவதும் நகைத்தது. அவன் நகைக்கவுமில்லை, நாணவுமில்லை. "ஐயா, எங்கள் பட்டியில் முப்பது எருமை நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொன்னால் வரும்" என்றான். அவன் வன்னியிலே தலைமுறையாக எருமைப் பட்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.

பாடம் முடிந்தபின் அவன் என்னிடம் வந்து, "எருமையை முதலில் வளர்த்தவர் எந்த நாட்டார், ஐயா?" என்று வினவினான். "சீன தேசத்தார், அங்கிருந்தே பிற நாடுகளுக்கெல்லாம் போயிற்று" என்று, எப்போதோ எங்கேயோ படித்ததை உறுதிபோற் சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லியபின் மனம் அமைதி கொள்ளவில்லை. நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, அன்று நான் செய்த பிழை ஒன்றன்று, இரண்டு என்பது தெளிவாயிற்று. ஏசியது ஒரு பிழை. கூறிய விடை மற்றொரு பிழை. அவ்விரண்டையும் திருத்துதற்கு இந்த மலரிலே இடம் கிடைத்தமை என் பேறே.

தமிழில் எருமை

எருமை தமிழர்க்குப் புதிய விலங்கன்று. தொல்காப்பியனார் மரபியலில் விலங்குகளின் ஆண்பெயர், பெண்பெயர், இளமைப்பெயர்களை வகுக்கும்போது எருமையை மறந்தாரல்லர். மரைக்கும் பெற்றத்துக்கும் உரிய நாகு என்னும் பெண்பெயரை எருமைக்கும் உரியதாக்கினார். எருமையின் ஆணைக் கண்டி என வழங்குதலையும் குறித்தார். காரான், மேதி என்பனவும் எருமைக்கு நம் இலக்கியம் தந்த பெயர்களாம். ஐந்திணைக் கருப்பொருள் கூறுமிடத்து, வயலும் நீரும் சார்ந்த மருதத்துக்கு உரிய விலங்காக நீர்நாயோடு எருமையையும் வைத்தனர் இலக்கணமுடையார். இவ்வைப்பு எத்துணைப் பொருத்தமுடையது என்பதைப் பின்னர்க் காண்போம்.

எருமை என்னுஞ் சொல்லும் வடமொழியிலிருந்து பெற்றதன்று. மலையாளத்தார் எரும என்பர். கன்னடத்தார் எம்மெ என்பர். தெலுங்கர் எனுமு என்பர். ஒரு குலத்து மொழிகள் பலவற்றுள் ஒரே வேர்ச்சொல் இவ்வாறு காணப்படுமாயின், அம்மொழியினர் பிரியுமுன்னரே அவ்விலங்கை அறிந்திருந்தனர் எனக் கொள்ளுதல் தகும். அறிந்திருந்தனர் என்பது வேறு. பழக்கி வைத்திருந்தனர் என்பது வேறு. சொல் முன்னதை மட்டுமே கூறும். பின்னதை அறிதற்கு எலும்பையும் குருதியையும் ஆராய்தல் வேண்டும்.

எருமையின் சுற்றம்

எருமையும் பசுவும் ஒரே தொழுவத்தில் நிற்பதால் அவற்றை நெருங்கிய உறவெனப் பலரும் எண்ணுவர். உயிர்நூலார் அவ்வாறு கொள்வதில்லை. பசு போசு என்னும் சாதியைச் சேர்ந்தது. எருமை புபாலசு என்னும் வேறு சாதியைச் சேர்ந்தது. பசுவின் கலமொன்றில் 60 நிறமூர்த்தங்கள் உள. எருமைக்கோ 50 அல்லது 48. இரண்டையும் சேர்த்துக் கன்று பெறுதல் இயலாது. சேர்க்கை நிகழினும் கரு வளராது அழிந்துவிடும்.

எருமை எனப் பிறர் வழங்கும் விலங்குகள் யாவும் எருமையல்ல. அமெரிக்கப் புல்வெளிகளில் திரிந்த பைசன் பசுவுக்கே நெருங்கிய உறவு. ஆபிரிக்கக் காட்டெருமை வேறொரு சாதியது. அதனை எக்காலத்தும் எவரும் பழக்கினாரல்லர். நம் எருமைக்கு உண்மையான தாயாதிகள் வேண்டுமாயின், பிலிப்பைன் நாட்டு மிந்தோரோத் தீவிலுள்ள தமராவையும் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள அனோவா என்னும் சிற்றுருவையும் காணல் வேண்டும்.

வீட்டெருமைக்கு முன்னோர் ஆசியக் காட்டெருமையாகும். அது 700 முதல் 1,200 கிலோகிராம் வரை நிறையுடையது. பரந்து வளைந்த பெருங்கொம்புடையது. ஒருகாலத்தில் சிந்துவெளி முதல் இந்தோசீனம் வரை ஆற்றுப்படுகைகளிலெல்லாம் திரிந்தது. இன்று உலகில் எஞ்சியுள்ளவை 4,000க்கும் குறைவென மதிப்பிடப்படுகின்றன. அவற்றுட் பெரும்பகுதி அசாமிலே காசிரங்கா முதலிய காவற்காடுகளில் வாழ்கின்றது. நேபாளத்துக் கோசி ஆற்றங்கரையிலும், நடு இந்தியக் காடுகள் சிலவற்றிலும், தாய்லாந்திலும் சிற்சில எஞ்சியுள்ளன.

ஆற்றெருமையும் சேற்றெருமையும்

வீட்டெருமை இரு பெரும் வகையாகப் பிரியும். சிந்து, கங்கை நாடுகள் முதல் மேற்கே எகிப்து, இத்தாலி வரை காணப்படுவது ஆற்றெருமை. அது தெளிந்த நீரிற் படிவதை விரும்பும். பெரும்பாலும் கரிய நிறமுடையது. கொம்பு சுருண்டோ, பின்னோக்கித் தாழ்ந்தோ இருக்கும். பாலுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வளர்க்கப்பட்டது. முரா, நீலி-ரவி, சூர்த்தி, சாபராபாதி முதலிய புகழ்பெற்ற வருக்கங்கள் யாவும் இவ்வகையின.

சீனத்தின் தென்பகுதி, இந்தோசீனம், மலாயா, இந்தோனேசியா, பிலிப்பைன் ஆகிய நாடுகளிற் காணப்படுவது சேற்றெருமை. அது சேற்றிற் புரள்வதை விரும்பும். சாம்பல் நிறமும், கழுத்தின் கீழே பிறைபோன்ற வெண்கோடும், பக்கவாட்டில் அகன்று பிறைவடிவில் வளைந்த கொம்பும் உடையது. பாலுக்கன்றி உழவுக்கும் பாரம் இழுத்தற்குமே வளர்க்கப்பட்டது. நெல்வயலின் இயந்திரம் அதுவே.

இரண்டும் நீரை நாடுதற்குக் காரணம் ஒன்று. எருமையின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் பசுவினும் மிகக் குறைவு, தோல் கரியது, மயிரும் அடர்ந்ததன்று. வெயிலின் வெப்பத்தை வியர்வையால் தணிக்க இயலாத உடல் நீரையும் சேற்றையும் நாடாது என்செய்யும்? சோம்பலென நாம் இகழ்வது உடலின் தேவை. மருதத்துக்கு உரிய விலங்காக அதனை வைத்த முன்னோர் அதன் இயல்பை நன்கு கண்டிருந்தனர்.

நிறமூர்த்தக் கணக்கு

ஆற்றெருமையும் சேற்றெருமையும் தீனியாலும் தட்பவெப்பத்தாலும் வேறுபட்ட ஒரே வகையெனச் சிலர் கருதிவந்தனர். 1960களின் பிற்பகுதியில் அவற்றின் கலங்களை நுணுக்குக்காட்டியின்கீழ் எண்ணிப் பார்த்தபோது ஐயம் நீங்கிற்று. ஆற்றெருமைக்கு நிறமூர்த்தங்கள் 50, சேற்றெருமைக்கு 48.

இவ்விரண்டு எங்கே போயின? தமிழ் கற்றவர்க்கு இதனை விளக்குதல் எளிது. பொன், குடம் என நிற்கும் இரு சொற்கள் புணர்ந்து பொற்குடம் என ஒன்றாகின்றன. சொற்களின் எண்ணிக்கை குறைந்தது, பொருள் குறையவில்லை. அவ்வாறே, ஆற்றெருமையில் 4ஆம் நிறமூர்த்தமாகவும் 9ஆம் நிறமூர்த்தமாகவும் தனித்து நிற்பவை, சேற்றெருமையின் குலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் புணர்ந்து ஒரே நெடிய நிறமூர்த்தமாயின. சேற்றெருமையின் 1ஆம் நிறமூர்த்தம் அதுவே. புணர்ச்சியில் ஓர் எழுத்துத் திரிவதுபோல, ஈண்டும் இணைந்த இரண்டனுள் ஒன்றன் மையப்பகுதி தன் தொழிலை இழந்தது. பரம்பரையலகுகளோ பெரும்பாலும் அப்படியே உள.

இவ்விரு வகையும் சேர்ந்து ஈனும் கன்றுக்குத் தந்தைவழி ஒருபாதியும் தாய்வழி ஒருபாதியுமாக 25உம் 24உம் சேர்ந்து 49 நிறமூர்த்தங்கள் அமையும். குதிரைக்கு 64, கழுதைக்கு 62; அவற்றின் கன்றாகிய கோவேறு கழுதைக்கு 63; அது மலடு என்பது யாவரும் அறிந்ததே. 49 உடைய எருமை முற்றும் மலடன்று. ஆயினும் அதன் கருவளம் குன்றுதல் உண்டு. ஆகவே இவ்விரண்டும் முற்றும் பிரிந்த இரண்டு இனமுமல்ல, முற்றும் ஒன்றுமல்ல. நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த இரு கிளைகளாம்.

தாய்வழிச் சான்று

எத்துணை நெடுங்காலம் என்பதை அறிதற்கு மற்றொரு சான்று துணையாயிற்று. கலத்தின் கருவுக்கு வெளியே இழைமணி எனப்படும் நுண்ணுறுப்புகள் உள. அவற்றுக்குத் தமக்கென ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே கன்றுக்கு வரும். மட்டக்களப்புப் பகுதியிலே குடி தாய்வழியாக இறங்குவதை நாம் அறிவோம்; எருமையின் இழைமணியும் அம்முறையினதே. அதில் எழுதப்பட்ட எழுத்துகளை இரு எருமைகளில் ஒப்பிட்டால், அவற்றின் பொதுத் தாய் எவ்வளவு காலத்துக்கு முன் வாழ்ந்தாள் என்பதை ஏறக்குறையக் கணிக்கலாம்.

2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எருமை ஒரே முறை, இந்தியாவிலே பழக்கப்பட்டுப் பின்னர் இரு வகையாயிற்று என்றது. 2007இல் இந்திய ஆற்றெருமைகளையும் சீனச் சேற்றெருமைகளையும் தனித்தனியே விரிவாக ஆராய்ந்தோர் அதனை மறுத்தனர். இரு வகையின் தாய்வழிகளும் ஒன்றோடொன்று கலவாது தெளிவாகப் பிரிந்து நின்றன. முழுப் பரம்பரைத் தொகுதியையும் ஆராய்ந்த பிந்திய ஆய்வுகளும் அம்மறுப்பையே வலியுறுத்தின. பிரிந்த காலத்தைப் பற்றிய கணக்குகள் முறைக்கு முறை வேறுபடினும், அண்மைக் கணக்குகள் அதனைப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வைக்கின்றன.

இதிலிருந்து பெறப்படும் முடிவை மாணவர் கூர்ந்து நோக்குக. மனிதன் விலங்கைப் பழக்கத் தொடங்கி இன்னும் 15,000 ஆண்டளவிற் பெரிதும் மேற்படவில்லை என்பர், அதுவும் நாயை. எருமையின் இரு கிளைகளோ அதற்கு மிக முன்னரே காட்டிற் பிரிந்துவிட்டன. ஆதலின் ஒரு தொழுவத்திற் பிறந்த எருமை இரண்டாகப் பிரிந்தது என்பது பொருந்தாது. வேறு வேறாயிருந்த இரண்டு காட்டெருமைக் கூட்டங்களை, ஒருவரையொருவர் அறியாத இரு மக்கட் கூட்டத்தார் தனித்தனியே பழக்கினர் என்பதே பொருந்தும்.

பழக்கிய இடமும் காலமும்

ஆற்றெருமையைப் பழக்கிய இடம் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்குப் பகுதி என்பது ஆய்வாளர் கருத்து. காலம் ஏறக்குறைய 6,300 ஆண்டுகளுக்கு முன் எனக் கணிக்கப்பட்டுள்ளது. சிந்துவெளி நாகரிகத்தார் எருமையை நன்கறிந்தவர். மொகஞ்சதாரோ முத்திரைகளில் எருமை பொறிக்கப்பட்டுள்ளது. விலங்குகள் சூழ யோகநிலையில் அமர்ந்திருக்கும் உருவம் பொறித்த பெயர்பெற்ற முத்திரையில், அவ்வுருவத்தின் தலையணி எருமைக்கொம்பை ஒத்தது. குசராத்திலுள்ள தோலாவீராவில் எருமையெலும்புகள் கிடைத்துள்ளன.

சிந்துவெளியார் கடல்கடந்து செய்த வாணிகத்துக்கும் எருமை சான்று பகரும். மெசொப்பொத்தேமியாவில் அக்காது நாட்டு அரசன் சார்-கலி-சாரியின் எழுத்தாளனாகிய இப்னி-சாரும் என்பானது முத்திரையில், வீரர் இருவர் இரண்டு எருமைகளுக்கு நீரூட்டுகின்றனர். காலம் கி.மு. 2200ஐ அடுத்தது, முத்திரை இன்று பாரிசு நகரத்து இலூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. மெலுகா எனப்பட்ட சிந்துநாட்டிலிருந்து மரக்கலங்கள் அக்காதுத் துறைக்கு வந்த காலம் அதுவே. பின்னர் அந்நாட்டுச் சிற்பங்களில் எருமை நெடுங்காலம் மறைந்துவிடுகின்றது.

இனிச் சீனத்துக்கு வருவோம். என் பிழையான விடைக்கு வித்து அங்கேதான் உள்ளது. யாங்சி ஆற்று முகத்தருகே கேமுடு என்னும் இடத்தில், 7,000 ஆண்டுப் பழமையான நெல்லோடு எருமையெலும்புகளும், எருமையின் தோட்பட்டை எலும்பாற் செய்த மண்வெட்டிகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. நெல்லும் எருமையும் ஒருங்கே கிடைத்தமையால், உழவெருமை பிறந்த இடம் இதுவென அறிஞர் பலர் எழுதினர். நூல்கள் பலவும் அதனை வழிமொழிந்தன. ஆயினும் 2008இல், வடசீனத்து வெய் ஆற்றுப்பள்ளத்தாக்கிற் கிடைத்த பழைய எருமையெலும்புகளிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தபோது, அவை இன்றைய வீட்டெருமையின் முன்னோருடையவை அல்ல என்பது வெளியாயிற்று. குறுங்கொம்புடைய வேறோர் எருமையினம் அது. இன்று உலகில் இல்லை. கேமுடு எலும்புகளும் வேட்டையாடப்பட்ட காட்டு விலங்குகளுடையவை என்றே இப்போது பெரும்பாலும் கருதப்படுகின்றன.

எனில் சேற்றெருமை எங்கே பழக்கப்பட்டது? அதன் தாய்வழி வேற்றுமைகள் மிகச் செறிந்து காணப்படும் இடம் சீனத்தின் தென்மேற்கும் இந்தோசீனத்தின் வடக்கும் சந்திக்கும் எல்லைப்பகுதி. ஒரு குலத்தின் கிளைகள் மிகுந்திருக்கும் இடமே அதன் பழைய இருப்பிடமாதல் இயல்பு. ஆங்கு 3,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் அது பழக்கப்பட்டிருத்தல் கூடும் என்பர். அங்கிருந்து ஒருசாரன தெற்கே தீபகற்பத்தின் வழியாகச் சுமாத்திரா, சாவா முதலிய தீவுகளுக்கும், மற்றொருசாரன வடகிழக்கே யாங்சி வெளிக்கும் பிலிப்பைனுக்கும், நெல்லோடு நெல்லாகப் பரவின.

மேற்கே ஆற்றெருமை பரவியது பிற்காலத்தில். கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அராபியர் சிந்துவைக் கைப்பற்றியபின், அங்கிருந்து எருமை வளர்ப்போரையும் அவர்தம் எருமைகளையும் ஈராக்கின் சதுப்புநிலங்களுக்குக் கொண்டுசென்றனர். எகிப்தையும் இத்தாலியையும் அது இடைக்காலத்தில் அடைந்தது. நேப்பிள்சு நகர்ப்புறத்து மொசரெல்லா என்னும் பாற்கட்டி சிந்துவெளி எருமையின் வழிவந்த பாலிலிருந்தே செய்யப்படுகின்றது. பிரேசில் நாட்டுக்கு அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் போயிற்று.

இவ்விரு வகையும் மீண்டும் சந்திக்கும் நிலம் வடகிழக்கு இந்தியா. அசாமின் மேற்பகுதியிலும் மணிப்பூரிலும் 48 உடைய சேற்றெருமை உண்டு; அவற்றுக்கு மேற்கே 50 உடைய ஆற்றெருமை; இடையே இரண்டும் கலந்து வாழும்.

நம் நாட்டெருமை

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். இலங்கை நாட்டெருமையைக் கண்டவர் யாவரும் அதனைச் சேற்றெருமை என்றே சொல்வர். உருவம் அத்தகையது. அகன்ற கொம்பு, குறுகிய உடல், சேற்றிற் புரளும் விருப்பம், வயல் மிதிக்கும் தொழில், மிகச் சிறிதளவான பால். எல்லாம் சேற்றெருமைக்கு உரிய இலக்கணமே. நூல்களும் நெடுங்காலம் அதனைச் சேற்றெருமையோடு சேர்த்தே எண்ணின. ஆனால் 1970களில் அதன் நிறமூர்த்தங்களை எண்ணியபோது 48 வரவில்லை, 50 வந்தது. பின்னர் அதன் குருதிப் புரதங்களை ஆசிய நாடுகள் பலவற்றின் எருமைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 1997இல் வெளிவந்தது. அதுவும் நம் எருமையை ஆற்றெருமையின் பக்கத்திலேயே வைத்தது. தோற்றத்தாற் சேற்றெருமை, குலத்தால் ஆற்றெருமை!

மாணவனுக்கு நான் கூறிய விடை அவனது பட்டியைப் பொறுத்தவரையிற் சிறிதும் பொருந்தாதது என்பது இதனால் விளங்கும். அவன் வீட்டு முப்பது எருமைகளின் மூதாதையர் சீனத்திலிருந்து வந்தவையல்ல. இந்தியத் துணைக்கண்டத்தில் பழக்கப்பட்ட குலத்தைச் சேர்ந்தவை. உருவத்தை மட்டும் கண்டு குலம் கூறுதல் எத்துணைத் தவறு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? மாணவரின் முகத்தைக் கண்டு அறிவை அளக்கும் ஆசிரியராகிய எமக்கும் இது பாடமாகும்.

ஆயினும் இவ்வறிவு கிடைத்த காலத்திலேயே இவ்விலங்கு நம்மைவிட்டு நீங்கத் தொடங்கிவிட்டது. வயலில் எருமைகளைச் சுற்றிச்சுற்றி நடத்திச் சேறாக்குதலும், களத்திற் சூடு மிதித்தலும் முன்னர் வன்னியிலும் கிழக்கு மாகாணத்திலும் எங்கும் காணப்பட்டன. உழவு இயந்திரம் வந்தபின் அத்தொழில் எருமைக்கு இல்லாதொழிந்தது. எஞ்சியது பால். நாட்டெருமை நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றரே தரும். முரா எருமையோ பன்மடங்கு தரும். ஆதலின் முரா, நீலி-ரவி, சூர்த்திக் கடாக்களை வருவித்துக் கலப்பினம் பெருக்கினர். உழவர்க்கு வருவாய் வேண்டும். ஆதலால் அதனைக் குறைகூறுதல் முறையன்று. எருமைப்பாலில் நூற்றுக்கு 7 பங்களவு கொழுப்பு உண்டு. மட்டக்களப்புச் சட்டித் தயிரின் இறுக்கத்துக்கு அதுவே காரணம். ஆனால் கலப்புப் பெருகப் பெருகப் பழைய நாட்டெருமையின் குலம் அருகும். வெயிலையும் பற்றாத தீனியையும் உண்ணியையும் பலநூறு தலைமுறையாகத் தாங்கிய உடல் அது. அக்குலம் அழிந்தபின் அதன் பண்பை எந்த நாட்டிலிருந்தும் விலைக்கு வாங்க இயலாது.

காட்டெருமைக்கும் இதே இடர். வில்பத்து, யால முதலிய காடுகளில் திரிபவற்றுட் பல, பட்டியிலிருந்து தப்பிய வீட்டெருமைகளின் வழிவந்தன என்றும் அவற்றோடு கலந்தன என்றும் அறிஞர் கருதுவர். அசாமிலும் காட்டெருமைக்கு வேட்டைக்காரனிலும் அஞ்சத்தக்கது வீட்டெருமையோடு நேரும் கலப்பே. முன்னோர் கிளை அழிந்துவிடின், பின்னோரின் குலத்தைச் செப்பனிட வித்து எங்கிருந்து கிடைக்கும்?

முடிவுரை

உலகில் இன்று ஏறக்குறைய 20 கோடி எருமைகள் உள. 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் மட்டும் 10 கோடியே 98 இலட்சத்துக்கு மேல். அந்நாட்டுப் பாலில் ஏறக்குறைய அரைப்பங்கு எருமையினது. இத்துணை மக்களுக்கு உணவளிக்கும் விலங்கின் பெயரை அறிவின்மைக்கு உவமையாக்கியது யாருடைய அறிவின்மை?

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் கால்நடை வைத்தியரும், விவசாயத்துறையினரும், பட்டி உடையோரும் உளர். அவர்பால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கலப்பில்லாத நாட்டெருமைப் பட்டி எங்கேனும் எஞ்சியிருப்பின், அதன் தொகையையும் இயல்பையும் குறித்து வையுங்கள். அதில் ஒரு பகுதியையேனும் கலப்பின்றி வளர்க்குமாறு உடையவரை ஊக்குங்கள். விந்து வங்கிகளில் அதற்கும் ஓர் இடம் வேண்டுமெனக் கேளுங்கள். முதியோர் அவ்விலங்குகளுக்கு இட்ட பெயர்களையும், குறிசுடும் முறைகளையும், நோய்க்குச் செய்யும் கைமருந்துகளையும் எழுதி வைப்பதும் தமிழ்ப்பணியே.

அன்று என்னால் ஏசப்பட்ட மாணவனும் இப்போது இக்கல்லூரியின் பழைய மாணவனே. இம்மலர் அவன் கைக்கும் போகும். அவனுக்கு நான் தரவேண்டியிருந்த சரியான விடை மேலே உள்ளது. ஏச்சுக்கு உரிய பொறுப்பையும் இதன்மூலம் ஏற்றுக்கொள்கின்றேன். அன்றுதொட்டு என் வகுப்பில் அச்சொல்லை ஏச்சாக நான் வழங்குவதில்லை. மரபியற் பாடத்தில் மட்டுமே வழங்குகின்றேன்.